பெரட்டுத் தப்பு

அக்காவுக்கு,

டாக்டர் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதைத்தான் முதலில் கவனித்தேன். அவர் சிங்களத்தில் கேட்டதை, நம்மோடு வந்த தோட்டத்துக் கங்காணி தமிழில் சொன்னார்: "காதுல சத்தம் கேக்குதா, புள்ள?"

"ஆமாங்க. விடியறப்ப வேலைக்கு ஆள் கூப்பிட, பெரட்டுக்குத் தப்படிக்கிறது கேக்குமே," என்றாய். கங்காணி அதில் 'ஆமாம்' என்பதை மட்டும் டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னார். உனக்கு இல்லாத சத்தம் கேட்கிறதாம், டாக்டர் எழுதிக்கொண்டார். உன்னைப் பைத்தியக்கார வாட்டில் அடைத்துவிட்டார்கள்.

போன மாதம் பூசாரி வேப்பிலையால் அடித்துப் பேயின் பேரைக் கேட்டார். இவர்கள் வியாதிக்குப் பேர் வைத்தார்கள். உன் பிள்ளையைப் புதைத்ததிலிருந்து ஏன் தூங்கவில்லை என்று உன்னிடம் யார் கேட்டார்? வருங்காலத்தில் மனசைக் கேட்டே வைத்தியம் செய்வார்களாம், ரேடியோவில் சொன்னார்கள். அதுவரை நீ உள்ளே.

இன்று தனியாக டாக்டரிடம் போனேன். எனக்குச் சிங்களம் வராது. நீ சொன்ன சத்தம் இதுதான் என்று, அவர் மேசையில் இரண்டு கையாலும் பெரட்டுத் தப்பை அடித்துக் காட்டினேன்.

உன் தங்கச்சி