கண்டிப்பு: இருபதுக்கு இருபது

மார்ச் 3
எங்கள் நிறுவனத்தின் பேஸ்பால் மேலாண்மைக் கணினி விளையாட்டில் பயிற்சியாளர்கள் வெறும் பொம்மைகள். யாரை அமர்த்தினாலும் அணி ஒரே மாதிரிதான் ஆடுகிறது. விளையாடுபவர்கள் புகார் எழுதியே சலித்துவிட்டார்கள். அணிகளின் வெற்றி தோல்வியைக் கணிக்கும் கணித மாதிரி என்னுடையது, ஆகவே பொறுப்பும் என் தலையில். நிஜப் பயிற்சியாளர் ஒருவரைக் கேட்கலாம் என்றார் முதலாளி. தம்பியைச் சொன்னேன். பதினாறு வருடம் அணி நடத்தியவன், இப்போது சும்மா இருக்கிறான்.

மார்ச் 6
தம்பி பழைய நோட்டுகளோடு வந்தான். பருவத்துக்குப் பருவம் அவனுடைய அணியின் மட்டைச் சராசரி ஏறிக்கொண்டே போகிறது. எப்படி என்றேன்.
"முழங்கால்ல ரெண்டு போட்டா போதும்க்கா. அடுத்த பந்தை விடவே மாட்டான்."
முதலாளி சிரித்தார். நான் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 11
'கண்டிப்பு' என்று ஓர் அளவு சேர்த்தேன். அதில் இருபதுக்கு இருபது உள்ள பயிற்சியாளர் மூன்றே பருவத்தில் கோப்பை வாங்கித் தருகிறார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். எனக்கு உறுத்துகிறது. இவ்வளவு சுத்தமாக வரும் எண்ணை நான் என்றைக்கு நம்பியிருக்கிறேன்?

மார்ச் 12
இன்று அலுவலகத்தில் விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும் ஊழியர் மட்டையோடு நிற்க, தம்பி நிற்கும் முறையைக் காட்டிக்கொண்டிருந்தான். "பாத்துண்ணே, அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் முறையும் கால் தவறாகப் போனது. தம்பி மட்டையைப் பிடுங்கி முழங்காலில் போட்டான். விறகு பிளக்கிற சத்தம். விழுந்தவரை மறுபடியும், மறுபடியும். குறுக்கே போனேன், முழங்கையால் என் வாயில் இடித்தான்.
"தள்ளுக்கா! இனிமே தப்பா நிப்பானா, கேளு அவனை!"
தரையெல்லாம் ரத்தம். அதில் என்னுடையது எது?

மார்ச் 13
எனக்கு உதட்டில் மூன்று தையல். அவருக்கு முழங்கால் சில்லு நொறுங்கியிருக்கிறது.

மார்ச் 15
நோட்டுகளை மறுபடி படித்தேன். அவனுடைய கடைசிப் பருவத் தொடக்கத்தில் இருபது பேர், முடிவில் ஒன்பது பேர். மற்ற பெயர்களின் மேல் கோடு. பக்கத்தில் ஒற்றைச் சொற்கள்: கை. தாடை. காது கேக்கல. வரல.
மிஞ்சிய ஒன்பது பேருக்குத்தான் சராசரி. நானும் என் மாதிரியில் கடைசிவரை நின்றவர்களை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவிகூடச் செய்யாத தப்பு. சே.

மார்ச் 17
தம்பி ஃபோன் செய்தான். "போலீஸ் கேட்டா வழுக்கி விழுந்தான்னு சொல்லிடுக்கா. மத்தவங்க உன் பேச்சைத் தாண்ட மாட்டாங்க."
"அந்தப் பதினோரு பேர் எங்கடா?"
"தாங்காதவன் போவான். போனவனைப் பத்தி நமக்கென்ன?"
வைத்துவிட்டேன்.

மார்ச் 20
காயத்தையும் விலகுபவர்களையும் சேர்த்து மாதிரியை மறுபடி ஓட்டினேன். இருபதுக்கு இருபது பயிற்சியாளரிடம் புதிதாக யாரும் சேரவில்லை. நான்காம் பருவத்தில் களமிறக்க ஒன்பது பேர் தேறாமல் ஆட்டமே நின்றுபோனது. வலியை முன்பே கவனித்து ஆட்டக்காரனை உட்கார வைப்பவரின் அணி மெதுவாக மேலே வருகிறது. பயிற்சியாளரால் பயன் என்றால் இதுதான். முதலாளி முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

மார்ச் 24
காவல் நிலையம். பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டார்:
"அடிச்சவரு உங்களுக்கு என்ன வேணும்?"
"தம்பி."
பேனா நின்றது. என் உதட்டைப் பார்த்தார்.
"கூடப் பொறந்தவரா? எழுதவாம்மா?"
"எழுதுங்க."