கூட்டிப்போக வந்தவர் தாய்மாமன்

ஓசூர்,
புதன்கிழமை.

அன்புள்ள சுகுணா அக்காவுக்கு,

ரேவதி நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். என் பெயர் மேகலா. குழந்தைகளுக்கான உதவி மையத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். போன வாரம் உங்கள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தவள் நான்தான். உங்கள் வீட்டில் இந்நேரம் எனக்கு வேறு பெயர்கள் வைத்திருப்பார்கள். வைக்கட்டும்.

ஃபோனில் பேசலாம் என்றால் முடியவில்லை. முதல்முறை உங்கள் வீட்டுக்காரர் வெங்கடப்பன் அண்ணன் எடுத்து, நீங்கள் காபித் தோட்டத்துக்குள் வேலையில் இருப்பதாகச் சொன்னார். அடுத்த முறை, "எல்லாம் மச்சான் பாத்துக்குவான், நீங்க வெச்சிருங்க மேடம்" என்று துண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு உங்கள் தம்பி ஜெகதீஷே என்னைக் கூப்பிட்டார். "எங்க ஊட்டுப் புள்ளய இட்டுனு போறதுக்கு நீ யாரு? மொதல்ல உனக்கு ஒரு கல்யாணத்த பண்ணிக்கோ" என்றார். அதனால்தான் ஊருக்கு வந்துவிட்டுக் குடகுக்குத் திரும்பும் உங்கள் எஸ்டேட் மாதம்மாள் அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில் மட்டும்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

நடந்ததை நேராகவே எழுதுகிறேன். விசேஷத்துக்கு என்று சொல்லி ரேவதியை ஓசூருக்குக் கூட்டிவந்து பட்டுப்புடவை எடுத்திருக்கிறார்கள். யார் வீட்டு விசேஷம் என்று யாரும் சொல்லவில்லை. தையல் கடையில் அவளுக்கே ஜாக்கெட் அளவெடுத்தபோதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. கர்நாடகா எல்லையைத் தாண்டி ஒரு கோயிலில் தாலி கட்டுவதாக ஏற்பாடு. அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் வந்து கேட்க மாட்டார்கள் என்ற கணக்கு. இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். மறுநாள் அவள் வகுப்பு டீச்சரிடம் போய், "டீச்சர், எனக்கு மாமாவ மாமாவாத்தான் புடிக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் எங்களைக் கூப்பிட்டார்.

இப்போது அவள் இருப்பது பெண்குழந்தைகளுக்கான இல்லம். முதல் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இப்போது வாயை மூடுவதே இல்லை. தினமும் சோறுதானா, களி கிண்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் யாருமே இல்லையா என்று சமையல்கார அம்மாவோடு சண்டை. நேற்று என்னிடம், "உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆவலயே, ஏன் மேடம், உங்களுக்கு மாமன் யாரும் இல்லியா?" என்று கேட்டுவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் குழந்தைகள் நலக் குழு முன்னால் அவளை அழைத்துப்போனோம். நீங்கள் வருவீர்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர் உங்கள் தம்பி. வெள்ளைச் சட்டை, கூட ஊர்க்காரர் ஒருவர். "கல்யாணப் பேச்சே இல்லீங்க. அக்காவும் மாமாவும் எஸ்டேட்ல இருக்கறாங்க. எங்க ஊட்ல தங்கித்தான் புள்ள படிக்குது. தாய்மாமன் நான் கூட்டிட்டுப் போகாம வேற யாரு கூட்டிட்டுப் போறது?" என்றார். கூட வந்தவர், வயசுக்கு வந்தபோது தாய்மாமன் முறைக்கு அவளுக்குப் பச்சை ஓலைக் குடிசை கட்டியது இவர்தான் என்று சாட்சி சொன்னார். ஓலை கட்டியவர் கட்டிக்கொள்ளவும் உரிமை உள்ளவர் என்பது அவர் பேச்சுக்குள் இருந்தது. கல்யாணத்துக்கு நின்ற மாப்பிள்ளையே பாதுகாவலராக வந்து பெண்ணைக் கேட்கிறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பெற்றோரைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது என்று வரும் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் நீங்கள் வரவில்லை என்றால், உறவு என்று வந்து நிற்பவர் அவர் ஒருவர்தான். நான் எவ்வளவு கத்தினாலும் நான் உறவு இல்லை.

ஜெகதீஷ் கெட்டவர் என்று எழுத மாட்டேன். சோறு போட்டார். யானை இறங்கிய நாட்களில் தன் லோடு வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டார். ரேவதியே சொன்னாள். அதெல்லாம் உண்மை. அதற்காக அவள் அவருக்குச் சொந்தமாகிவிட மாட்டாள். எனக்குக் கோபம் வேறு இடத்தில். இங்கே ஓசூரில் கம்பெனி பஸ்கள் ராத்திரி பகல் பார்க்காமல் வாசலுக்கே வந்து ஆளை ஏற்றுகின்றன. அஞ்செட்டிக்கு மேலே உங்கள் ஊருக்குக் காலையில் ஒழுங்காக ஒரு பஸ் வந்திருந்தால், அவள் உங்கள் மாமியாரோடு இருந்தே படித்திருப்பாள், மாமன் வீட்டில் தங்கியிருக்கவே வேண்டாம். பஸ் விட வக்கில்லாமல், கல்யாணத்தைத் தடுக்க மட்டும் ஜீப்பில் வருகிறோம். உங்கள் ஊர்க்காரர்கள் அப்படித் திட்டினால் அது நியாயம்தான்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. தேன்கனிக்கோட்டையில் அரசு மாணவியர் விடுதி. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வார்டனைப் பார்த்துப் பேசிவிட்டேன். இடம் வைத்திருக்கிறார். பெற்றவர்களில் ஒருவர் நேரில் வந்து சம்மதம் சொன்னால், அங்கிருந்தே பத்தாவது பரீட்சை எழுதலாம். லீவுக்கு உங்களிடம் வரலாம்.

நீங்கள் வந்தால் போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்களாம், மாதம்மாள் அக்கா சொன்னார். பொய். கல்யாணம் நடக்கவில்லை. உங்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை.

இன்னொன்று. அம்மாவுக்கு இந்த ஏற்பாடு தெரியுமா என்று குழுவில் ரேவதியைக் கேட்டார்கள். "எங்கம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்று சட்டென்று சொன்னாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்த பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது உண்மையா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்க மாட்டேன்.

ஜெகதீஷை இடுப்பில் தூக்கி வளர்த்தது நீங்கள்தான் என்று ரேவதி சொன்னாள். உங்களை ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டார்கள் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். "ஆனா எங்கம்மா கன்னட போர்டு கூடப் படிப்பாங்க மேடம். தனியாவே மைசூர் வரைக்கும் போயிட்டு வருவாங்க" என்று இல்லத்தில் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன். திங்கட்கிழமை கிளம்பி மைசூர், பெங்களூர் வழியாக வந்துவிடுங்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். கிருஷ்ணகிரிக்குச் சேர்ந்து போவோம். அண்ணனும் வந்தால் நல்லதுதான். வராவிட்டால் நீங்கள் மட்டும் போதும்.

இங்கே வந்தால் தம்பி வீட்டு வாசல் அடைபடும், எனக்குத் தெரியும். அதைத் திறந்துவிட என்னால் ஆகாது. பொய்யாக ஆறுதல் சொல்லவும் வரவில்லை.

குழு அறையில் ரேவதிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். போன தடவை அதில் உங்கள் தம்பி உட்கார்ந்தார். அவள் தன் நாற்காலியைச் சத்தம் வராமல் என் பக்கம் நகர்த்திக்கொண்டாள். நீங்கள் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், தம்பியை எதிர்த்து ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். கேட்டால் "விடுதிக்கு அனுப்புங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அதுவும் வாயில் வராவிட்டால் பரவாயில்லை அக்கா. அவர் வருவதற்கு முன்னால் வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

அன்புடன்,
மேகலா