சாம்பல் ரோபோவின் முழங்கால்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நானும் உன் மகனும் நலம். நாள் முழுக்கச் சலவை மெஷின் பக்கத்தில் நிற்கிற உன் கால்களும் நலமாக இருக்க வேண்டும். வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைக்கச் சொன்னேனே, செய்கிறாயா? செய்யமாட்டாய். எனக்குத் தெரியும்.

உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து, வெறும் வண்டியோடு திரும்பிப் போன கதையை இதற்குள் அவர் வாயால் கேட்டிருப்பாய். அவர் பார்த்தது வால் மட்டும்தான். மாடு முழுக்க என்னிடம் இருக்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "அப்புறம்?" என்பாய், நான் "ம்" என்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். கடிதம் என்றால் சுற்றிச் சுற்றி வரலாம். சுற்றி வராமல் எனக்கு எதுவும் சொல்ல வராது. தெரிந்துதானே கட்டிக்கொண்டாய்.

போன மாதம் நீ போனில் சொன்னாய், "ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ ஊமையா இருக்கறதுக்கு, அவன் எங்கண்ணன் வீட்டுலயே இருக்கட்டும், அண்ணனை அடுத்த மாசக் கடைசியில வண்டியோட வரச் சொல்லியிருக்கேன்" என்று. நான் அதற்கும் "ம்" என்றேன். அந்த "ம்" சரி என்கிற "ம்" இல்லை. ஆனால் வேறு என்ன சொல்ல? நான் அவனைப் பெற்றவன் இல்லை. நான் இந்த வீட்டுக்குள் வந்தபோதே அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. நீ இருந்தவரை உப்பு வேண்டுமென்றால் நான் உன்னிடம் கேட்பேன், அவனும் உன்னிடம் கேட்பான். நீ வேலைக்குக் கடல் தாண்டிப் போனபின் உப்பு டப்பாவை மேசையின் நடுவில் வைத்துவிட்டோம். கை எட்டியது, வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது ரோபோ விஷயத்துக்கு வருகிறேன். அவன் அலமாரியில் பிளாஸ்டிக் பொம்மைகள் நிற்குமே, சாண் உயரத்தில், அவனே துண்டு துண்டாகச் சேர்த்தவை. நீ துடைக்கும்போது ஒன்றின் கையை உடைத்துவிட்டு என் பேரைச் சொன்னாயே, அவைதான். அவை கற்றுக்குட்டிகளுக்காம். அதற்கு மேல்படியில் பெரிய ஜாதி ஒன்று இருக்கிறதாம். மருந்து குடோனில் அவன் வேலை நிரந்தரமானதும், அதில் முதலாவதை வாங்கப் போவதாகச் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான். யாரிடம் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டில் நான்தான் இருந்தேன். "வர்றீங்களா?" என்றான். அவசரத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு அவனுக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டேன்.

கடை, கைக்கடிகாரம் பழுது பார்க்கிற கடைக்கு மேல்மாடி. படிக்கட்டு ஒரு ஆள் அகலம்தான். மேலே ஏறிப் பார்த்தால், அடேயப்பா! தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். ஒவ்வொரு பெட்டி மேலும் ஒரு இரும்பு ராட்சசன், கண்ணில் நெருப்போடு. நான் மாட்டுத் தரகன். ஆயிரம் மாடு நிற்கிற சந்தைக்குள் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்துவிடுவேன். அங்கே எனக்குக் கால் ஓடவில்லை.

கடைக்காரப் பெண் கண்ணாடிப் பெட்டியிலிருந்து செய்து முடித்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் மார்புப் பலகையைச் சட்டைப் பொத்தான் கழற்றுகிற மாதிரிக் கழற்றினாள். உள்ளே விலா இருக்கிறது! தொடை மூடியை எடுத்தாள், உள்ளே எலும்பு. காலை மடக்கினாள். மடக்கும்போது முழங்காலுக்குள் ஒரு சின்னக் குழாய் இன்னொரு குழாய்க்குள் நழுவிப் போயிற்று, கெண்டைக்கால் மூடி ஒரு விரற்கடை மேலே ஏறிக்கொடுத்தது. உயிருள்ள காலில் நான் தடவிப் பார்த்திருக்கிற அசைவு அது. கன்றுக்குட்டி முதல் தடவை எழுந்து நிற்கப் பார்க்கும்போது இப்படித்தான் உள்ளே ஒன்று நழுவி ஒன்று ஏறும். எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. இந்த மேல்படி ஜாதியில் முதலில் எலும்புக்கூடு முழுவதையும் கட்டவேண்டுமாம். அதற்குமேல்தான் கவசமாம். பசை கிடையாது, பெயிண்ட் கிடையாது, துண்டும் துண்டும் தானே பிடித்துக்கொள்ளுமாம்.

எனக்கு ஒரு சந்தேகம். மேலே மூடிவிடப் போகிற எலும்புக்கு எதற்கு இவ்வளவு நுணுக்கம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். கடைக்காரப் பெண் பதில் சொல்லுமுன் உன் மகன் சொன்னான், "உள்ள இருக்குன்னு நமக்குத் தெரியும்ல, அது போதும்."

கடைசியில் அவன் இரண்டு பெட்டிகளில் வந்து நின்றான். ஒன்று சாம்பல் நிறம், குட்டைக் கழுத்து, தடித்த கால், பார்த்தால் கோபித்துக்கொண்ட மளிகைக்காரர் மாதிரி. இன்னொன்று சிவப்பும் வெள்ளையும், முதுகில் விரிந்த பெரிய றெக்கை. இதையும் பார்த்தான், அதையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கன்னா எதை எடுப்பீங்க?" என்றான்.

அவன் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது, "கரண்டு வந்துடுச்சா?" என்பதையும் வீட்டில் கேட்ட "வர்றீங்களா?"வையும் தவிர்த்தால். மாட்டில் என்றால் முதலில் காலைப் பார், கடைசியில் கொம்பைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். ஆனால் அந்த றெக்கை இருக்கிறதே, சொன்னால் நம்பமாட்டாய், ஒவ்வொரு இறகும் தனித்தனியாக விரிகிறது. என் விரல் தானாக அதைக் காட்டிவிட்டது.

அவன் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். "கொம்புக்குப் பெயிண்ட் அடிச்ச மாட்டை ஒருத்தன் மயங்கி வாங்கிட்டுப் போனான்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. இப்ப றெக்கையைப் பாத்து நீங்களே விழுந்துட்டீங்களே" என்றான். கடைக்காரப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். றெக்கையின் கனத்தில் அது பின்பக்கம் சாயும், முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்தவேண்டும், மேல்படியில் முதலாவது என்றால் மூட்டு இறுகிய சாம்பல்தான் நல்லது என்றாள். சாம்பலையே வாங்கினோம்.

வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அந்தப் பெயிண்ட் கொம்புக் கதையை நான் அவனிடம் சொன்னதே கிடையாது. பால்காரரிடம் வாசலில் நின்று சொன்னது. அப்போது அவன் உள்ளே போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்றல்லவா நினைத்தேன்!

இனி நான் செய்த காரியத்தைக் கேள். திட்டாதே, திட்டவேண்டியவன் தண்டனையே கொடுத்தாயிற்று. பெட்டிக்குள் துண்டுகள் உதிரியாக இருக்காது. ஜன்னல் சட்டம் மாதிரிப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். கிளையில் காய் தொங்குகிற மாதிரித் துண்டுகள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பிள்ளை களைத்து வருவான், காய் ஆய்ந்து வைத்தால் சமையல் சுலபம் இல்லையா? அவனுடைய சின்ன வெட்டுக் கத்தரியை எடுத்து அத்தனையையும் வெட்டினேன். பெரிசைத் தட்டில், நடுத்தரத்தைக் கிண்ணத்தில், பொடிசை டம்ளரில் என்று பிரித்து அழகாக அடுக்கினேன். சட்டத்தைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

எந்தத் துண்டு எது என்கிற எண் அந்தச் சட்டத்தில்தான் இருந்ததாம்.

அவன் வந்தான், பார்த்தான். டம்ளரைத் தூக்கி ஆட்டினான், கலகலவென்றது. "சட்டம் எங்க?" என்றான். "வண்டியில போட்டுட்டேன்" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இனி உன் அண்ணன் மாசக் கடைசிவரை காத்திருக்கத் தேவையில்லை, நாளைக்கே வந்து கூட்டிப் போகலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஈனாத மாட்டிடம் பால் கறக்கப் போனவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

காலையில் எழுந்தால், கூடத்துத் தரையில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறது. தட்டு, கிண்ணம், டம்ளர் மூன்றும் வரிசையாக. நடுவில் படப் புத்தகம். அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உக்காருங்க. வெட்டுனவரே தேடிக் குடுக்கணும்" என்றான்.

அன்றிலிருந்து தேடுகிறோம். அவன் புத்தகத்தில் படத்தைக் காட்டுவான், நான் டம்ளரைக் கிளறுவேன். ஒரு துண்டை எடுத்து இதுதான் என்று நான் சத்தியம் செய்வேன். "அது வலது, இது இடது. உங்க சந்தையில ரெண்டு பக்கமும் ஒரே காதுதானா?" என்பான். அவனும் சும்மா இல்லை, இடுப்பு எலும்பைத் தோளில் அமுக்கிவிட்டு வரவில்லை வரவில்லை என்று அரைமணி நேரம் முக்கினான். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் சரியான துண்டு சரியான இடத்தில் உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பார். அதற்கு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை விடுவோம். முதல் முழங்கால் முடிந்த அன்று அவன் அதை என் கையில் கொடுத்து, "மடக்குங்க" என்றான். மடக்கினேன். உள்ளே குழாய் நழுவியது. கண்ணாடிப் பெட்டியில் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி இல்லை. இது இந்த வீட்டுத் தரையில் உண்டான கால்.

இந்த நிலையில்தான் உன் அண்ணன் வந்தார். துணிமேல் ஒரு காலும் பாதி மார்பும் கிடக்கின்றன. தாண்டிப் போகவும் முடியாமல் மிதிக்கவும் முடியாமல் வாசலிலேயே நின்றுகொண்டு உன் மகனைப் பார்த்து, "என்னடா மாப்ளே, பெட்டி கட்டியாச்சா?" என்றார். நான் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். போ என்று சொல்ல வாய் வரவில்லை. இரு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

உன் மகன் சொன்னான், "இன்னொரு கால் பாக்கி இருக்கு மாமா. அதை விட்டுட்டு எப்படி வர்றது?"

"அது எப்ப முடியும்?" என்றார் அவர்.

அவன் என்னைக் கைகாட்டினான். "இவரு வெட்டிப் போட்டிருக்கற லட்சணத்துக்கு ஒரு வருஷம் ஆனாலும் ஆகும்" என்றான். சொல்லிவிட்டு, கதவோரம் இருந்த பெட்டியை, மாமா வீட்டுக்குப் போகவென்று துணிமணி அடுக்கி நான்கு நாளாக அங்கேயே நின்ற பெட்டியை, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தான். உன் அண்ணன் காபி குடித்துவிட்டுப் போனார். முகம் சுருங்கித்தான் போனார், அடுத்த மாதம் மறுபடி வருவாராம்.

என்னை அவன் இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அதை நீ போனில் கேட்டுவைக்காதே.

ஒரே ஒரு வேண்டுதல். உன் அண்ணன் மனம் நோகக்கூடாது, அதனால் வரவேண்டாம் என்று சொல்லாதே. வேலை முடிந்ததும் நாங்களே சொல்லி அனுப்புகிறோம் என்று மட்டும் சொல். இடது முழங்காலுக்கு ஒரு துண்டு அகப்படவில்லை. தேடுகிறோம். அவசரம் ஒன்றும் இல்லை.

நீ காலை ஊறவை. தெய்வம் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கிற இரண்டு பேரில் மூத்தவன்.