காடுவெட்டியின் பேத்தி

ஹம்பேர்க், 1997 புரட்டாதி

யானைக்கும் அஞ்சாத என் ஐயாவுக்கு,

சுகமா என்று செத்தவரிடம் கேட்கலாமோ தெரியாது. கேட்கிறேன். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் உங்கள் செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனவள், இன்று ஒரு நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன்.

போன கிழமை உங்கள் பேத்தி துளசியின் வகுப்போடு, துணைக்குப் போன தாய்மாரில் ஒருத்தியாக, ஒரு பழைய கிராமம் பார்க்கப் போனேன். முந்திய காலத்தில் ஏழைச் சனம் சதுப்பு நிலத்தை வெட்டிக் குடியேறிய ஊர். அவர்கள் மண்கட்டியால் கட்டிய குடிசையை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் துளசி மெல்லச் சொன்னாள்: "இவையளுக்கு எல்லாம் பழைய கதை இருக்கு. நாங்கள் அகதிகள்தானே அம்மா, எங்களுக்கு என்ன இருக்கு?"

பிள்ளைக்கு இப்படி ஒரு நினைப்பா?

ஊர் வாசலில், என் கை என்னைக் கேட்காமலே ஒரு இலைக் குழையை முறித்து மரக்கிளையில் தொங்கவிட்டது. வன்னிக் காட்டுக்குள் கால் வைக்கமுன் பிள்ளையாருக்கு நீங்கள் செய்வதுபோல. ஊர் காட்ட வந்த கிழவர் பாய்ந்து வந்தார். இங்கே ஓர் இலையும் பிடுங்கக்கூடாதாம். துளசிக்கு முகம் கறுத்துப் போனது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது ஐயா. உங்கள் பிள்ளைதானே! தெரிந்த ஜெர்மனில் கொட்டித் தீர்த்தேன். என் தகப்பன் காடு வெட்டிக் குடியேறியவர், யானையோடும் மலேரியாக் காய்ச்சலோடும் மல்லுக்கட்டி வயல் ஆக்கியவர், காட்டிடம் உத்தரவு கேட்காமல் கோடரி தூக்காதவர் என்றேன். யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் உங்களைக் 'காடுவெட்டி' என்று நக்கலடித்ததையும் மறைக்கவில்லை.

கிழவரின் கோபம் இறங்கிவிட்டது. தங்கள் பக்கத்துப் பழமொழி ஒன்றைச் சொன்னார். முதல் வந்தவனுக்குச் சாவு, இரண்டாவது ஆளுக்குப் பஞ்சம், மூன்றாவது ஆளுக்குத்தான் சாப்பிடப் பாண். உன் தகப்பன் எத்தனையாவது ஆள் என்று கேட்டார்.

நான் வாய் திறக்கமுன் துளசி முன்னுக்கு வந்து, வகுப்பே கேட்க ஜெர்மனில் சொன்னாள்: "என்ரை தாத்தா முதலாவது ஆள். சாப்பாடு தந்ததும் அவர்தான்."

ஐயா, அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேணும். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் உங்களைப் பற்றித்தான் கேள்வி. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குளம் எவ்வளவு பெரிது, தாத்தாவுக்குக் கோபம் வருமா? தெரியாததற்கும் பதில் சொல்லி வைத்தேன்.

நம் வயல் ஆளில்லாமல் புதர் மண்டிப் பற்றையாகிக் கிடக்கிறதாம். கிடக்கட்டும். பாதை திறந்ததும் இவளைக் கூட்டிக்கொண்டு வருவேன், இது சத்தியம். அந்தப் பற்றையை வெட்ட உங்கள் வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறது.

காடுவெட்டியின் மூத்த மகள்,
ராணி