படையலில் வைக்காத போத்தல்

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

நேற்று உங்களுக்கு முதல் வருஷப் படையல். அம்மா ஆட்டுக்கறி சமைத்து, உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டார். அப்போது சித்தப்பா ஒரு ஸ்டவுட் பீர் போத்தலோடு வந்து நின்றார். "அண்ணனுக்குப் பிடிச்சது லா. இது இல்லாம என்ன படையல்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிடித்ததுதான். காஹாங் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய காலத்திலிருந்தே எங்களைவிட அதுதானே உங்களுக்குப் பிடித்தது?

அறுபது வயதில் உங்களுக்கு வந்ததை எல்லாரும் மறதி என்றார்கள், வயசானால் வரத்தான் செய்யும் என்றார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "வயசு மட்டும் இல்லம்மா. வருஷக்கணக்கா குடிச்சதுல மூளை கெட்டுப் போச்சு. ஞாபகம் இல்லாத இடத்த அவரே கதை கட்டி நிரப்பிக்கிறாரு. அது பொய்னு அவருக்கே தெரியாது" என்றார்.

உங்களுக்குத் தெரியாதுதான். ஆனால் அதற்குப் பேச்சு வாங்கியது யார்? சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, பார்க்க வந்த அத்தையிடம் "ரெண்டு நாளா சோறு போடல" என்றீர்கள். அத்தை அதை நம்பி அம்மாவைத் திட்டித் தீர்த்தார். கட்டிலைவிட்டு இறங்க முடியாத நீங்கள், காலையில் லாரி எடுத்துக்கொண்டு குளுவாங் டவுனுக்குப் போய் வந்ததாகச் சொன்னபோது சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவரேதான் எங்களுக்குத் தெரியாமல் உங்களுக்கு ஊற்றியும் கொடுத்தார்.

இப்போது உங்கள் மகன் குமார் கதையைக் கேளுங்கள். பாசிர் கூடாங் ஃபேக்டரியில் வேலை முடிந்ததும் தினமும் குடிக்கிறான். போன வாரம் லீவு நாளில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஃபேக்டரி பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறான். நான் கேட்டதற்கு, "சூப்பர்வைசர் ஓவர்டைம் வரச் சொன்னாருக்கா" என்று உடனே பதில் வந்தது. அப்படி யாரும் கூப்பிடவே இல்லை என்று அவன் மனைவி அழுகிறாள். உங்களிடம் கேட்ட அதே பேச்சுதான் அப்பா அது.

படையல் முடிந்ததும் அந்தப் போத்தலை யார் கையில் கொடுப்பார்கள்? ஒரே மகன் கையில்தானே? அதனால்தான் சித்தப்பாவைத் தடுத்தேன். "பொம்பளப் புள்ள நீ, குறுக்க வராத" என்றார்.

அம்மா எழுந்து வந்து போத்தலை அவர் பக்கமே தள்ளினார். "இவருக்கு ஊத்துனது போதும் தம்பி. என் மகனையாச்சும் விட்டுடுங்க." இத்தனை வருஷம் வாயே திறக்காத அம்மா. ஓரமாக உட்கார்ந்திருந்த குமாரிடம் போனேன். "டாக்டர்கிட்ட போலாம்டா" என்றேன். "சரிக்கா" என்றான். சொன்னது அவனுக்கு நினைவிருக்குமா?

என் கோபம் இன்னும் ஆறவில்லை அப்பா. ஆறாமலே இருக்கட்டும், அதுதான் இப்போது என்னை நடக்க வைக்கிறது. திங்கட்கிழமை அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். மறந்திருந்தாலும், மாட்டேன் என்றாலும், கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போவேன். பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அவன் மகளுக்கும் எங்கள் நிலைமை வர விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்னும் கோபத்தோடு,
உங்கள் மகள், குமாரின் அக்கா