உன் அக்காவின் வகுப்பு

என் அன்புச் சின்னவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே மூன்று பேரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறிவிடுகிறாள், இறங்கும்போதுதான் என்னைத் திட்டுகிறாள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். பல் முளைக்கிற பிள்ளை கண்டதை வாயில் வைக்கும், தரையில் பட்டன், ஊசி எதுவும் கிடக்காமல் பார்த்துக்கொள். நீ அக்காவுக்கு அனுப்பிய கைப்பை வந்து சேர்ந்தது. வேலை நிரந்தரமானதற்கு வாழ்த்து என்று நீ எழுதியிருந்த அட்டையை அவள் படித்தாள், படித்துவிட்டுப் பையை வந்த காகிதத்திலேயே மறுபடி சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டாள். போனில் பேசினால் பக்கத்து அறையில் அவளுக்குக் கேட்கும், அதனால்தான் இந்தக் கடிதம். அக்காவுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. வேலையே இல்லை. அவள் உன்னிடம் சொன்னது பொய்.

பள்ளிக்கூடம் அரசு உதவிக்குள் போனது மட்டும் உண்மைதான். கட்டணம் கட்டுகிற குடும்பங்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்ததால் தாளாளரே எழுதிக் கொடுத்துவிட்டார், இனிமேல் சம்பளம் அரசு தரும், பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது, யாரையும் வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்த என்னைப் பார்த்து, உங்க ஸ்கூல்ல ஜன்னலுக்குக் கதவு இருக்காப்பா என்று கேட்டுச் சிரித்தவள் உன் அக்கா, அவளே இந்தச் செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். ஆனால் அரசு சும்மா தருவதில்லை. உதாரணம் சொல்லாமல் எனக்கு எதையும் விளக்க வராது, அதனால் பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். இவ்வளவு நாள் இது நல்ல சட்டை போட்டவர்களை மட்டும் ஏற்றிய தனியார் பஸ். இப்போது அரசு, ஆள் உட்கார்ந்திருக்கிற இருக்கைக்குத்தான் காசு தருவேன் என்கிறது, இருக்கை காலியாக இருந்தால் இரண்டு பஸ்ஸை ஒன்றாக்கி ஒரு டிரைவரை இறக்கிவிடும். இறக்கிவிடப்படும் ஆசிரியருக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் உபரி. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவு, இரண்டாவது பிரிவு அக்காவுடையது, கடைசியாகச் சேர்ந்தவளும் அவள்தான். இருக்கைகள் காலியானது எப்படி என்று உனக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸ் என்று வாசலில் பெரிய போர்டு வைப்பதற்காக, சரியாகப் படிக்காத பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு முடிந்ததுமே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முடிவு தாளாளருடையது, பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்கிற வாய் மட்டும் உன் அக்காவுடையது. நன்றாகப் பேசுவாள் என்று அவளை அதற்கு வைத்திருந்தார்கள்.

அதிகாரி வந்து தலை எண்ணப் போகிறார் என்று தெரிந்ததும், அனுப்பிய பிள்ளைகளையே திரும்பக் கூப்பிட ஆசிரியர்கள் வீடு வீடாகக் கிளம்பினார்கள். துணைக்கு நானும் அக்காவோடு போனேன். ஒரு வீட்டில், எலெக்ஷன் வந்தாத்தான் எங்க தெரு ஞாபகம் வரும், இப்ப டீச்சருங்களுக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலி போட்டார்கள். மெக்கானிக் கடையில் இருந்த ஒரு பையன் கையில் கிரீஸோடு வந்து நின்று, எத்தனை நாளைக்கு வரணும் மிஸ் என்று கூலி வேலைக்குக் கேட்பது போலக் கேட்டான். எப்படியோ ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள், கடைசியில் பிரிவு நிலைக்க ஒரே ஒரு பிள்ளை குறைந்தது. பாக்கி இருந்தது பள்ளிக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கிற அம்மாவின் பெண். அந்த அம்மா பெண்ணை வேறு பள்ளியில் சேர்க்கவே இல்லை. சேர்த்தா அங்கதான் சேர்ப்பேன், இல்லன்னா கல்லாவுல உக்காரட்டும் என்று வீம்பாக இருந்தாள். ஆசிரியர்கள் எல்லோரும் டீ குடிக்கிற கடை அது, இவர்கள் அனுப்பிய பெண்ணின் கையாலேயே தினமும் ரஸ்க் வாங்கித் தின்றார்கள். அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை, ரஸ்க்கைத் தராசில் வைத்துவிட்டு, நீங்களே எடை பாத்துக்குங்க மிஸ், எனக்குத்தான் கணக்கு வராதே என்பாளாம். அக்கா போய் நின்றதும் அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. அதுக்கென்ன டீச்சர், உங்களுக்கு இல்லாததா, அன்னிக்கி காலைல நானே கூட்டிட்டு வர்றேன் என்றாள். இரண்டு டீ கொடுத்தாள். வெளியே வந்ததும் அக்கா, நல்ல மனுஷிப்பா என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த நாள் காலையில், வருகிற பிள்ளைகளைத் தாமதிக்காமல் உள்ளே அனுப்ப வேண்டும் என்று அக்கா என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தியிருந்தாள். மெக்கானிக் பையன் வந்தான், பழைய சீருடை முழங்கைக்கு மேலே ஏறிப்போய் இருந்தது. பேக்கரிப் பெண்ணைத் தவிர ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள். அதிகாரி ஒவ்வொரு வகுப்பாக ஏறி, உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் தலைக்கு நேரே விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். எண்ணி முடித்த வகுப்பின் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார், ஒரு வகுப்புப் பிள்ளையை இன்னொரு வகுப்பில் உட்கார வைக்கிற வேலையெல்லாம் அவரிடம் பலிக்காது. அப்போதுதான் பேக்கரி அம்மா தெருவைத் தாண்டி வந்தாள், பெண்ணுக்குப் புதுச் சீருடை, இரட்டைப் பின்னல், முதுகில் பை. வந்தவள் வாசல் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். பெண்ணின் கையை விடவில்லை. அக்கா வகுப்பு ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள், பிறகு படியிறங்கி ஓடி வந்தாள், வாம்மா வாம்மா என்று பெண்ணைக் கூப்பிட்டாள். அந்த அம்மா சத்தம் போடவில்லை, கடையில் பாக்கி சில்லறை இல்லை என்று சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். "இருங்க டீச்சர், ஏன் அவசரப்படுறீங்க. எம்பொண்ணு கொஞ்சம் மெதுவு. அவளுக்காக வண்டி நிக்காதுன்னு நாலு பேர் முன்னாடி நீங்கதானே சொன்னீங்க." நான் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "சார், உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க பெரியவங்க, வெயில்ல நிக்காதீங்க, கடைல போய் உக்காருங்க" என்றாள். அந்தப் பெண், விடும்மா நான் போறேன் விடும்மா என்று கையை இழுத்துக்கொண்டு அழுதது, உள்ளே போய் உட்கார அதற்கு அவ்வளவு ஆசை. அம்மா அதையும் பார்த்தாள், விடவில்லை. அதிகாரி அக்காவின் வகுப்பை எண்ணி முடித்து வெளியே வந்ததும், போடி கண்ணு இப்பப் போ என்று கையை விட்டாள். அக்கா அதிகாரியிடம் வாசலைக் காட்டிச் சொன்னாள், அதோ வந்துட்டா சார், பாருங்க சார் என்று. அவர் பார்த்தார். "பாக்கறேம்மா. வகுப்புல உக்காந்திருக்கற பிள்ளையத்தான் எண்ண முடியும்" என்றார்.

மறு வாரமே இரண்டு பிரிவும் ஒன்றானது, அக்கா உபரியானாள். பிள்ளைகளை அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டது அக்காதான், அந்த அறையில் மின்விசிறி இரண்டு என்று பிள்ளைகள் கைதட்டினார்களாம். ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வரத் தெரியலையே உங்களுக்கு என்று தாளாளர் கேட்டார். உதவி கிடைத்த சந்தோஷத்தில் ஆசிரியர்கள் கேக் வெட்டினார்கள், கேக் எதிர்க்கடையிலிருந்து வந்தது, அந்த அம்மாவே கொண்டு வந்து அக்காவுக்கு மட்டும் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தாள். அக்காவின் வயதுக்கு அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர முடியாது, தனியார் பள்ளிகளுக்குச் சின்னப் பெண்களே போதும். நாலு இடத்தில் கேட்டுவிட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை, அம்மா ஊட்டித்தான் விட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பேக்கரி அம்மா பிஸ்கட் டப்பாவோடு நம் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். இப்போது அவள் பெண் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, கட்டணமும் இல்லை, யாரும் வெளியே அனுப்பவும் முடியாது. "டீச்சர் வீட்லதான இருக்கீங்க, எம்பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குடுங்க. அவசரமில்ல, மெதுவாவே சொல்லிக் குடுங்க" என்றாள். உன் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டாள்.

தினமும் போகிறாள். கடைக்குப் பின்னால், அடுப்பு அனலில், மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல். கேக் அட்டையைப் பிரித்துச் சுவரில் சாய்த்து அதில் எழுதிச் சொல்லிக் கொடுக்கிறாள். கூட வேலை பார்த்தவர்கள் டீ குடிக்க வந்து சத்தமாகப் பேசினால், மெதுவா பேசுங்க, உள்ள கிளாஸ் நடக்குது என்று அந்த அம்மா கல்லாவிலிருந்து சொல்கிறாள், அவர்கள் சிரிப்பை அடக்குவது பின்னாலிருந்து கேட்கும். பாடம் முடிந்ததா இல்லையா என்பதையும் அவளே முடிவு செய்கிறாள், இன்னும் அவளுக்குப் புரியல போலிருக்கே டீச்சர், இன்னொரு தடவை என்பாள். உன் அக்கா இன்னொரு தடவை சொல்கிறாள். கூட்டிவரப் போனபோது நானே கேட்டேன். அந்தப் பெண்ணும் ஒரு நாள், ஸ்கூல்ல இப்ப எங்களுக்குக் கணக்கு எடுக்கற மிஸ் இதையே சீக்கிரம் சொல்லிட்டாங்க மிஸ் என்றதாம். அந்த அம்மாவைத் திட்ட வேண்டும் என்று நானும் பார்க்கிறேன், உன் அக்காவைப் பெற்றவனாக எனக்குத் திட்ட வருகிறது, ஆசிரியனாக இருந்தவனுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் பேசும்போது மட்டும் அவள் குரல் பழையபடி ஆகிவிடுகிறது. இன்னிக்கி கிளாஸ்ல ஒரு பொண்ணு போர்டுல தப்பா போட்டா பாரு என்று உனக்குச் சொல்லிச் சிரிக்கிறாளே, அந்தப் பெண்ணும் அந்த போர்டும் எவை என்று இப்போது உனக்குத் தெரியும். என்கிட்ட வந்துடுக்கா என்று ஆறுதல் சொல்லக் கிளம்பாதே. அவளிடம் எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம், குறையொன்றும் இல்லாமல் இருங்கள். அக்கா பேசும்போது வழக்கம் போல வகுப்பைப் பற்றிக் கேள், நிறையக் கேள். உன் கிளாஸ்ல இப்ப எத்தனை பிள்ளைங்க என்று மட்டும் மறந்தும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா