பாதி உப்பு போதும்

இன்று செவிலிமேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துக் கரும்புச்சாறு வண்டிக்காரர் ஐஸைச் சாக்கில் போட்டுக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருகில் நின்ற பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உன் அக்கா கல்யாணத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

நாம் பி.யூ.சி. முடித்திருந்த கோடை அது. பட்டணத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்று இருவருக்கும் ஒரே வெறி. பெண்ணுக்குப் படித்தது போதும் என்றார் உன் பெரியப்பா. நீ போனால்தான் நானும் போகலாம் என்றார் என் அப்பா. ஆக, என் படிப்பும் உன் தலையில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா? சம்பந்தி வீட்டாருக்கு ஐஸ்கிரீம் நானே செய்கிறேன், உப்புக் கணக்கு எனக்குத் தெரியும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாய். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "உறைய வச்சுக் காட்டும்மா, அப்புறம் காலேஜைப் பத்திப் பேசலாம்" என்றார்.

உங்களுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிட மாட்டீர்கள். ஐஸ்கிரீம் அதற்குள் உறைய வேண்டும். பெரிய காஞ்சிபுரத்துச் சத்திரத்தின் பின்கட்டில், குவளையைச் சுற்றும் கைப்பிடி வைத்த மரவாளியோடு உட்கார்ந்தோம். நடுவில் பால் ஊற்றிய தகரக் குவளை, சுற்றிலும் ஐஸ். உப்பு கரைந்த தண்ணீர் இன்னும் அதிகக் குளிரில்தான் உறையும்; எவ்வளவு உப்புக்கு எத்தனை டிகிரி இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கல்லுப்பு வாங்கியிருந்தாய். கரைசல் என்றால் கரைக்க வேண்டாமா? லேப் பழக்கத்தில் உப்பில் பாதியை ஓர் அண்டாத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி வேறு, ஐஸ் மேல் ஊற்றினோம். ஐஸ் மொத்தமும் கரைந்துபோனது. பால் பாலாகவே இருந்தது. ஐஸ் உருகும் தண்ணீரிலேயே உப்பு கரைந்துகொள்ளும் என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

மரத்தூளுக்குள் இன்னொரு பாளம் ஐஸ் மிச்சம் இருந்தது. உப்புதான் பாதி போய்விட்டது. வெயில் மஞ்சளாகிக்கொண்டு வர, நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். நீ கரித்துண்டால் தரையில் கணக்கை மறுபடி போட்டாய். திடீரென்று என் தொடையில் ஓங்கி ஓர் அடி.

"ஏண்டி அழுதுக்கினு இருக்கே? உப்பு தண்ணியில ரெண்டா பிரியுது இல்ல? ரெண்டுமே தனித்தனியா குளிரை இறக்கும். நாம ஒண்ணாவே வச்சுக் கணக்குப் போட்டுட்டோம். பாதி உப்பே போதும்டி."

ஐஸை ஈரச் சாக்கில் போட்டு நொறுக்கி, உப்பை அப்படியே தூவி, மாறி மாறிச் சுற்றினோம். கொஞ்ச நேரத்தில் பால் உறைய உறையக் கைப்பிடி கனக்கத் தொடங்கியது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதிகம் பார்த்ததில்லை. வெளிச்சம் இருக்கும்போதே பந்திக்குக் கிண்ணங்கள் போயின. உன் பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டாவது கிண்ணம் கேட்டார். அதைக் கொண்டுவந்து கொடுத்த உன் அப்பா, "அவ படிக்கட்டும்ணா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு நான் எத்தனையோ வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தேன். உப்பு இரண்டாகப் பிரிவதை மறந்து கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளைகளை ஒருநாளும் திட்டியதில்லை. கையில் இருப்பது போதாது என்று கலங்கும்போது, அழுவதை நிறுத்திவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுகிறேன். அது உன்னிடம் கற்றது. என் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டமும், அன்று நீ உள்ளங்கை சிவக்கச் சுற்றி எனக்கு வாங்கிக் கொடுத்ததுதான்.